சிலிண்டர் வாயுவில் பிபிஎம் அளவு மாசுகளை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சான்றிதழில் 99.999% என்று போட்டிருக்கிறது. உங்கள் அனலைசரோ 3 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆக்ஸிஜன் காட்டுகிறது. சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 3 பிபிஎம் சிலிண்டருக்குள் இருந்துதான் வந்தது என்பதற்கு இன்னும் எந்த ஆதாரமும் இல்லை. ரெகுலேட்டர், பைப், ஃபிட்டிங், அனலைசரின் உள்குழாய் எல்லாம் சேர்ந்து தந்த எண் அது. இதில் சிலிண்டரின் பங்கு எவ்வளவு, நம் லைனின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. அதனால் கருவிகளைவிட லைனைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

படி 1: எந்த மாசு, எந்த அளவு வரை?

வாயுக்களின் தரத்தை 4.5, 5.0, 6.0 என்று குறிப்பார்கள். முதல் எண் எத்தனை ஒன்பதுகள் என்பதையும், புள்ளிக்குப் பின்னால் வருவது அடுத்த இலக்கத்தையும் சொல்கிறது. 4.5 என்றால் 99.995%, மொத்த மாசு 50 பிபிஎம் வரை இருக்கலாம். 5.0 என்றால் 10 பிபிஎம், 6.0 என்றால் 1 பிபிஎம்.

இந்தச் சதவீதத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மாசுகளை ஒவ்வொன்றாக அளந்து, கூட்டி, 100-இலிருந்து கழிக்கிறார்கள். தேடாத மாசு கழிபடாது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராமும், வேதிச் சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 1.2505 கிராமும் இருப்பதை இயற்பியலாளர் ராலே கவனித்தார். அந்த அரை சதவீத வித்தியாசத்தை விடாமல் துரத்தியதில்தான் 1894-இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் ஆர்கானைக் கண்டார்கள். அதுவரை அந்த நைட்ரஜனை எல்லோரும் சுத்தம் என்றுதான் நம்பினார்கள். இன்றைக்கும் பல நைட்ரஜன் சான்றிதழ்களில் மந்த வாயுக்கள் மாசுக் கணக்கில் வராது. எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பு வரை படித்துவிடுங்கள்.

எந்த மாசைத் தேட வேண்டும் என்பதை வாயு போய்ச் சேரும் இடம் தீர்மானிக்கும். எரிமின்கல வாகனங்களுக்கான ஹைட்ரஜனுக்கு ஐஎஸ்ஓ 14687 தரநிலை கேட்கும் மொத்தத் தூய்மை 99.97% மட்டுமே. ஆனால் கார்பன் மோனாக்சைடு 0.2 பிபிஎம், கந்தகச் சேர்மங்கள் 0.004 பிபிஎம் தாண்டக் கூடாது. இரண்டும் எரிமின்கலத்தின் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். வெல்டிங் ஆர்கானுக்கு இந்த அளவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. அங்கே ஈரப்பதமும் ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் பார்த்தால் போதும்.

அலகையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாயுவில் பிபிஎம் என்றால் பொதுவாகக் கன அளவு விகிதம். எடை விகிதத்தில் சொல்லியிருந்தால் எண் மாறிவிடும். ஹைட்ரஜனில் கன அளவில் 1 பிபிஎம் நீராவி, எடையில் ஏறக்குறைய 9 பிபிஎம்; ஆர்கானில் அதுவே 0.45. இந்த ஒரு குழப்பத்திலேயே சண்டைகள் நடந்திருக்கின்றன.

படி 2: பாதுகாப்பு

மணிக்கணக்கில் வாயுவை ஓடவிடப் போகிறீர்கள், எனவே வென்ட் குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். நைட்ரஜனுக்கும் ஆர்கானுக்கும் மணம் கிடையாது. மூச்சு முட்டும் எச்சரிக்கைகூட வராமல் ஆள் விழுந்துவிடுவார். அறையில் ஆக்ஸிஜன் மானிட்டர் கட்டாயம். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75% வரை எந்த விகிதத்திலும் தீப்பிடிக்கும். ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றால் எண்ணெய், கிரீஸ் பட்ட எதையும் அருகில் கொண்டுவராதீர்கள், வால்வை மெதுவாகத் திறங்கள். சிலிண்டரைச் சங்கிலியால் கட்டியபிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும்.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா மாசுக்கும் ஒரே கருவி கிடையாது.

ஆக்ஸிஜனுக்கு எளிமையானது மின்வேதியியல் செல். பிபிஎம் அளவில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதில் இருப்பது காரக் கரைசல் என்றால் கார்பன் டை ஆக்சைடு அதைத் தின்றுவிடும். அந்த வாயுவுக்கு அமிலக் கரைசல் உள்ள செல் வேண்டும். சிர்கோனியா அனலைசர் வேகமானது, ஆனால் சூடான பரப்பில் இயங்குவது. மாதிரியில் ஹைட்ரஜனோ கார்பன் மோனாக்சைடோ இருந்தால் அவை அங்கேயே ஆக்ஸிஜனோடு எரிந்துவிடும். திரையில் உண்மையைவிடக் குறைவான எண் வரும். மாசு நிறைந்த வாயு சுத்தமாகத் தெரிவதற்கு இது ஒரு வழி.

ஈரப்பதத்துக்குப் பாஸ்பரஸ் பெண்டாக்சைடு செல், அலுமினியம் ஆக்சைடு சென்சார், குளிர்கண்ணாடி, லேசர் கேவிட்டி முறை என்று பல உண்டு. அலுமினியம் ஆக்சைடு விலை குறைவு, ஆனால் நாளாக நாளாக அது காட்டும் எண் நகர்ந்துபோகும். பெண்டாக்சைடு செல்லை ஹைட்ரஜனில் பயன்படுத்தினால் எலக்ட்ரோடில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் மறுபடி சேர்ந்து நீராகி, எண் உயர்ந்து தெரியும். அம்மோனியாவில் அதைப் பயன்படுத்தவே கூடாது. செலவழிக்க முடிந்தால் லேசர் முறைக்கே என் ஓட்டு.

சில கருவிகள் ஈரத்தைப் பனிநிலையாக, அதாவது வாயுவைக் குளிர்வித்தால் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையாகக் காட்டும். வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 76 டிகிரி செல்சியஸ் என்றால் ஏறக்குறைய 1 பிபிஎம், மைனஸ் 60 என்றால் 11 பிபிஎம், மைனஸ் 40 என்றால் 127 பிபிஎம். அழுத்தம் ஏறினால் பனிநிலையும் ஏறும். அதே 1 பிபிஎம் வாயு 10 பார் அழுத்தத்தில் மைனஸ் 60-க்குப் பக்கத்தில் காட்டும். அழுத்தத்தைக் குறிக்காத பனிநிலை வெறும் எண்.

மீதிக்கு எல்லாம் வாயுக் கலவையை ஒரு குழாயில் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப், சுருக்கமாக ஜிசி. வெப்பக்கடத்து டிடெக்டர் பிபிஎம் அளவில் திணறும். ஹைட்ரோகார்பன்களுக்குச் சுடர் அயனியாக்க டிடெக்டர் சரி. அதற்கு முன்னால் சூடான நிக்கல் வினையூக்கி வைத்தால் கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் மீத்தேனாக மாறி அதிலேயே தெரியும். ஹீலியம் அயனியாக்க டிடெக்டர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுவரை காணும். அகச்சிவப்பு முறை நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், ஆர்கான் எதையும் காணாது. அவை அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை.

படி 4: லைனைக் கட்டுங்கள்

ரெகுலேட்டர் இரட்டை நிலை, உலோக டயஃப்ரம், துருப்பிடிக்காத எஃகு உடல். வெல்டிங் கடையில் மாட்டும் ரப்பர் டயஃப்ரம் ரெகுலேட்டரைப் பிபிஎம் வேலைக்குக் கொண்டுவராதீர்கள். பைப் 316எல் எஃகு, உள்பக்கம் மெருகேற்றியது, முடிந்தவரை குட்டையாகவும் ஒல்லியாகவும். ஃபிட்டிங்குகள் குறைய வேண்டும். பக்கவாட்டில் முட்டிநிற்கும் கிளைகள் இருக்கவே கூடாது. அழுத்தமானி ஒவ்வொன்றும் அப்படி ஒரு முட்டுச்சந்துதான்.

பிளாஸ்டிக் குழாய் ஏன் ஆகாது? "உள்ளே 5 பார் இருக்கிறது, வெளியே 1 பார்தான். காற்று எப்படி உள்ளே வரும்?" என்று புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆக்ஸிஜன் மொத்த அழுத்தத்தைப் பார்த்து நகர்வதில்லை, தன்னுடைய பகுதி அழுத்தத்தை மட்டும் பார்த்து நகர்கிறது. வெளியே ஆக்ஸிஜனுக்கு 0.21 பார். உள்ளே இருப்பது 1 பிபிஎம் என்றால் 0.000005 பார். ஆக்ஸிஜனைப் பொறுத்தவரை உள்ளே வெற்றிடம்தான். டெஃப்லான் சுவர் வழியாக அது பாட்டுக்கு ஊடுருவி வரும், ஈரமும் அதேபோல வரும். நுண்ணிய விரிசல் வழியாகவும் எதிர்த்திசையில் மூலக்கூறுகள் பரவி நுழையும்.

கடைசியாக, அனலைசரின் வெளியேறும் வாயிலை அப்படியே திறந்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு மீட்டர் மெல்லிய குழாயைச் சுருட்டி மாட்டுங்கள், வெளிக்காற்று பின்னால் ஏறிவராது.

படி 5: பர்ஜ் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றுதல்)

ரெகுலேட்டரை மாட்டியதும் அதற்குள் அறைக்காற்று இருக்கிறது, அதாவது 2,10,000 பிபிஎம் ஆக்ஸிஜன். வெறுமனே ஓடவிட்டால் நேர்வழியில் இருப்பது மட்டும் போகும், மூலைகளில் தங்கியது மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அழுத்திவிட்டு வெளியேற்றும் சுழற்சிதான் வழி. 10 பார் தனி அழுத்தத்துக்கு (வெற்றிடத்திலிருந்து எண்ணும் அழுத்தம்) ஏற்றி 1 பாருக்கு இறக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் பத்தில் ஒரு பங்கு. ஐந்து சுற்றில் 2.1 பிபிஎம், ஏழு சுற்றில் 0.021. காகிதத்தில் ஏழு போதும். மூலைகளுக்கு நேரம் கொடுக்க நான் பத்து போடச் சொல்வேன், ஒவ்வொரு சுற்றிலும் சில நொடி நிறுத்தி.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. சிலிண்டர் வால்வைத் திற, உடனே மூடு, அப்புறம்தான் வெளியேற்று. வால்வைத் திறந்தபடியே வைத்திருந்தால் ரெகுலேட்டரின் உயரழுத்தப் பக்கத்தில் சுழற்சியே நடக்காது, அங்கிருக்கும் காற்று சிலிண்டருக்குள்ளேயே பரவிவிடலாம். நீங்களே அழுக்காக்கிய வாயுவை அப்புறம் எத்தனை தடவை அளந்தாலும் பயனில்லை. இறக்கும்போதும் முழுக்கக் காலியாக்காமல், வளிமண்டலத்தைவிடச் சற்றே மேலே நிறுத்துங்கள்.

ஈரம் இந்த அவசரத்துக்கெல்லாம் மசியாது. நீர் மூலக்கூறு எஃகுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆக்ஸிஜன் எண் சில நிமிடங்களில் நிலைக்கு வந்துவிடும், ஈரப்பத எண் சில மணி நேரமாவது இறங்கிக்கொண்டே இருக்கும். லைனை 60–80 டிகிரிக்கு இதமாகச் சூடாக்கி வாயுவை ஓடவிட்டால் சீக்கிரம் காயும். அறையின் வெப்பம் ஏறியிறங்கினாலே எண்ணும் கூடவே ஆடும். ஏசி நின்றதும் ஈரம் "கூடுவது" சுவரிலிருந்து கழன்ற நீர்தான்.

படி 6: ஓட்டத்தை மாற்றிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

லைனில் நுழையும் காற்றின் அளவு நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஏறக்குறைய மாறாதது. வாயு ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் அது பாதியாக நீர்த்துப்போகும். சிலிண்டரிலேயே இருக்கும் மாசுக்கு ஓட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை.

ஓர் ஆர்கான் சிலிண்டரில், நிமிடத்துக்கு 500 மி.லி. ஓட்டத்தில் ஆக்ஸிஜன் 3.0 பிபிஎம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 மி.லி.க்கு ஏற்றியதும் 1.8-க்கு இறங்குகிறது. சிலிண்டரின் பங்கு = (2 × 1.8) − 3.0 = 0.6 பிபிஎம். முதல் எண்ணில் மீதி 2.4 பிபிஎம் லைன் தந்த பரிசு. எவ்வளவு பெரிய லீக் என்று கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 0.006 மி.லி.க்கும் குறைவான காற்று. சோப்பு நீரில் இது தெரியவே தெரியாது. போதாக்குறைக்குச் சோப்பு நீர் ஃபிட்டிங்குக்குள் ஈரத்தையும் ஏற்றிவிடும். ஹீலியம் லீக் டிடெக்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஃபிட்டிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இதே லைனில் ஜிசியும் இருந்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். காற்றில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் 3.7-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. லீக் 2.4 பிபிஎம் ஆக்ஸிஜன் கொண்டுவந்தால் கூடவே சுமார் 9 பிபிஎம் நைட்ரஜனும் வந்திருக்க வேண்டும். விகிதம் பொருந்தினால் எங்கோ ஓட்டை. அதைவிடக் குறைவாக இருந்தால் பிளாஸ்டிக்கையோ ரப்பர் ஓ-ரிங்கையோ சந்தேகியுங்கள். அவற்றின் வழியாக ஆக்ஸிஜன் நைட்ரஜனைவிட வேகமாக ஊடுருவும். நைட்ரஜன் கூடவே வரவில்லை, ஓட்டத்துக்கும் எண் அசையவில்லை என்றால் ஆக்ஸிஜன் சிலிண்டரிலேயே இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. ஓட்டம் ஏறும்போது சென்சாரின் மேல் அழுத்தமும் ஏறினால் கணக்கு கெடும், எனவே படி 4-இல் சொன்ன வெளியேறும் குழாய் மெல்லியதாக இருந்தாலும் ஓட்டத்தைத் தடுக்காத அளவுக்கு அகலமாக இருக்கட்டும். அடுத்து, நைட்ரஜனுக்காகக் காலிபரேட் செய்த ரோட்டாமீட்டரில் (மிதவை உள்ள ஓட்டமானி) ஹீலியம் ஓடினால் உண்மை ஓட்டம் காட்டுவதைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு.

0.6 என்று கணக்கில் கிடைத்ததை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அது நோயைச் சொல்லும் எண். லீக்கை அடைத்துவிட்டு, இரண்டு ஓட்டத்திலும் ஒரே எண் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் அளவீடு.

படி 7: பூச்சியமும் காலிபரேஷனும்

அனலைசரின் அளவுகோலுக்கு இரண்டு முனை: பூச்சியம், மேல்முனை. மேல்முனையைச் சரிபார்க்கச் சான்றளிக்கப்பட்ட கலவை வாயு கிடைக்கும். எடை முறையில் அவற்றைத் தயாரிப்பதற்கு ஐஎஸ்ஓ 6142 தரநிலை இருக்கிறது. நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குப் பக்கத்திலேயே ஒன்றை வாங்குங்கள். காற்றின் 20.9%-ஐ வைத்துக் காலிபரேட் செய்துவிட்டு 1 பிபிஎம் அளப்பது சரிப்படாது. காற்று பட்ட செல் மறுபடி பிபிஎம் அளவுக்கு இறங்கவே பல மணி நேரமாகும். கலவை சிலிண்டரின் ரெகுலேட்டருக்கும் படி 5 அப்படியே பொருந்தும். அதை மறந்தால் கலவையின் எண்ணிலேயே காற்று கலந்துவிடும். காலாவதித் தேதியையும் பாருங்கள், எஃகுச் சுவரோடு வினைபுரியும் மாசுகள் காலப்போக்கில் குறையும்.

கடினமானது பூச்சியம்தான். அளக்கும் அதே வாயுவைப் பியூரிஃபையர் வழியாக விட்டுப் பூச்சிய வாயு எடுங்கள். ஆர்கானுக்கும் ஹீலியத்துக்கும் சூடான சிர்கோனியம் கெட்டர் (மாசுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உலோகம்) பொருந்தும். ஆக்ஸிஜனையோ காற்றையோ அதன் வழியாக ஒருபோதும் விடாதீர்கள், தீப்பிடித்து எஃகையே உருக்கிவிடும்.

பியூரிஃபையரை எங்கே வைப்பது என்பதிலும் தகவல் இருக்கிறது. அனலைசருக்கு ஒட்டி வைத்தால் கிடைப்பது கருவியின் பூச்சியம். ரெகுலேட்டரை அடுத்து வைத்தால் கிடைப்பது கருவி, லைன் இரண்டும் சேர்ந்த எண். இரண்டுக்கும் வித்தியாசம் உங்கள் லைனின் மாசு. படி 6-இல் கிடைத்ததை இது உறுதிசெய்யும், ரெகுலேட்டரைத் தவிர.

பூச்சிய வாயுவைப் பத்துத் தடவை அளந்து திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கினால் கண்டறியும் எல்லை. விலக்கம் 0.02 பிபிஎம் என்றால் எல்லை 0.06.

படி 8: அளவீடு

சிலிண்டர் அழுத்தத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் இறங்க இறங்கச் சுவரில் ஒட்டிய நீர் கழன்று ஈரப்பதம் ஏறும். நிறைந்த சிலிண்டரில் எடுத்த எண் கடைசி சில பாருக்குப் பொருந்தாது.

ஜிசியில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். மாலிக்யூலர் சீவ் நிரப்பிய குழாயில் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், நைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு என்ற வரிசையில் வெளிவரும். கார்பன் டை ஆக்சைடும் நீரும் அதிலேயே சிக்கிக்கொள்ளும், அவற்றுக்கு வேறு குழாய் வேண்டும். சாதாரண வெப்பத்தில் ஆர்கானும் ஆக்ஸிஜனும் ஒன்றாகவே வரும். எனவே ஆர்கான் சிலிண்டரில் ஆக்ஸிஜனைத் தனி அனலைசரில் பார்த்துவிட்டு, ஜிசியை நைட்ரஜன் முதலானவற்றுக்கு வைத்துக்கொள்வது நிம்மதி.

மாதிரியை ஜிசி குழாய் வழியாகச் சுமந்துசெல்லும் கேரியர் ஹீலியம் மாதிரியைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நைட்ரஜன் பீக் தலைகீழாகத் தொங்கும். மாதிரியில் இருப்பதைவிடக் கேரியரில் நைட்ரஜன் அதிகம் என்று அர்த்தம். மாதிரி லூப்பை நிரப்பியதும் வாயு ஓட்டத்தை நிறுத்தி, வளிமண்டல அழுத்தத்துக்கு வரவிட்டு ஜிசிக்குள் செலுத்துங்கள். முதல் சில அளவீடுகளைத் தூக்கி எறியுங்கள், பீக்கின் பரப்பு ஏறாமல் இறங்காமல் நின்றபிறகு வருவதை எடுங்கள்.

திரவமாக நிரம்பும் கார்பன் டை ஆக்சைடு, அம்மோனியா போன்றவற்றுக்குக் கதை வேறு. நைட்ரஜன், ஆக்ஸிஜன் மாதிரி எளிதில் ஆவியாகும் மாசுகள் மேலே வாயுப் பகுதியில் குவியும். எண்ணெயும் நீரும் திரவத்தில் தங்கும். மேலிருந்து மட்டும் எடுத்தால் காற்று கூடுதலாகத் தெரியும், எண்ணெய் தெரியவே தெரியாது. அடிக்குழாய் வழியாகத் திரவத்தை எடுத்து, சூடான ஆவியாக்கியில் முழுவதையும் ஆவியாக்கி அளக்க வேண்டும். எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்று எழுதாத அறிக்கைக்கு மதிப்பில்லை.

படி 9: அறிக்கை

கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தால் "இல்லை" என்றோ 0 என்றோ எழுதாதீர்கள், "0.1-க்கும் கீழ்" என்று எழுதுங்கள். கூட்டும்போது அந்த எல்லையில் பாதியைச் சேர்ப்பது ஐஎஸ்ஓ 19229 சொல்லும் வழக்கம்.

நம் ஆர்கான் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். லீக் அடைத்தபின் ஆக்ஸிஜன் 0.6, நைட்ரஜன் 2.8, நீர் 1.5, கார்பன் மோனாக்சைடு, டை ஆக்சைடு, மீத்தேன் மூன்றும் 0.1-க்கும் கீழ். கூட்டினால் 5.05 பிபிஎம், 5.0 தரத்துக்குள் வசதியாக நிற்கிறது. லீக்கோடு அளந்திருந்தால் ஆக்ஸிஜன் 3.0, நைட்ரஜன் 11.8 வந்து, மொத்தம் 16 பிபிஎம் தாண்டியிருக்கும். அதே சிலிண்டர், அதே வாயு.

எண்களோடு நிச்சயமின்மை, சிலிண்டர் எண், அப்போதைய அழுத்தம், ஓட்டம், அறை வெப்பம், காலிபரேஷன் கலவையின் எண் எல்லாவற்றையும் சேருங்கள். தரம் தவறிவிட்டது என்று முடிவாகிறது என்றால் சப்ளையருக்கு எழுதும் முன் அதே பேட்ச்சில் இன்னொரு சிலிண்டரையும், முடிந்தால் வேறு பேட்ச்சில் ஒன்றையும் அதே லைனில் மாட்டி அளந்துவிடுங்கள். மூன்றிலும் ஒரே எண் வந்தால் படி 4-க்குத் திரும்புங்கள். ஒரு பேட்ச் மட்டும் தனித்து நின்றால் தாராளமாக எழுதலாம். அந்தச் சிலிண்டரைக் காலியாக்கிவிடாதீர்கள், அவர்களும் அளந்து பார்க்கக் கேட்பார்கள்.